வலிக்கவில்லையா? காலைக் காட்டுங்கள்!

"கால்தான் வலிக்கவே இல்லையே, எதற்கு டாக்டரிடம் காட்ட வேண்டும்?" இனிப்பு நீர் உள்ளவர்கள் பலர் இப்படிக் கேட்பதுண்டு. பாதத்தில் உணர்ச்சி மங்கிவிட்டாலும் வலி தெரியாது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாகவே இருந்தால் கால் நரம்புகள் கெடும். செருப்புக்குள் கிடக்கும் சிறு கல்லும், வெயிலில் காய்ந்த கோயில் தரையின் சூடும் உறைக்காது. கொப்புளம் புண்ணாகி, சாக்ஸில் கறை படிந்த பிறகே தெரியவரும். ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் எளிதில் ஆறாது. கிருமி எலும்புவரை பரவினால் விரலையோ காலையோ எடுக்க நேரலாம்.

மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருப்பதாக 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு காட்டுகிறது.

கிளினிக்கில் என்ன பார்ப்பார்கள்?

சில நிமிட வேலைதான். நைலான் இழை ஒன்றை அது வளையும்வரை பாதத்தில் அழுத்தி, தெரிகிறதா என்று கேட்பார்கள். அந்த அழுத்தம் வெறும் 10 கிராம். பாதத்தில் நாடி பார்ப்பார்கள். வளைந்த விரல், ஆணிக்கால், காய்ப்பு உண்டா என்றும் கவனிப்பார்கள். முன்பு புண் வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மறுபடி வரும் வாய்ப்பு அவர்களுக்கே அதிகம்.

குறை எதுவும் இல்லாதவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு பரிசோதனை போதும். உணர்ச்சி குறைந்து, முன்பு புண்ணும் வந்திருந்தால் 1 முதல் 3 மாதத்துக்கு ஒரு முறை தேவை.

வீட்டிலேயே தொட்டுப் பாருங்கள்

இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் உருவான எளிய சோதனை இது. அம்மாவையோ அப்பாவையோ கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் ஓரிரு விநாடி மெதுவாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொடும்போது 'வலது', 'இடது' என்று அவர்கள் சொல்லட்டும். ஆறு விரல்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும். உடனே கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.

தினமும் இரவில் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். காலணி போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். காய்ப்பைப் பிளேடால் சீவாதீர்கள். சிவப்பு, வீக்கம், கொப்புளம், நீர்க்கசிவு எது தெரிந்தாலும் அன்றே காட்டுங்கள்.

அடுத்த முறை சர்க்கரை அளவு பார்க்கப் போகும்போது, டாக்டர் கேட்குமுன்பே சாக்ஸைக் கழற்றி வையுங்கள்.