தரையில் நிற்கும் நேரம்

பயணிகளை இறக்கி, புதியவர்களை ஏற்றிக்கொண்டு மீண்டும் புறப்படுவதற்கு ஒரு விமானம் எடுத்துக்கொள்ளும் நேரம், குறுந்தொலைவுப் பயணங்களில் பெரும்பாலும் ஒரு மணிக்கும் குறைவே. எரிபொருள் நிரப்புவோர், உணவு ஏற்றுவோர், தூய்மை செய்வோர் எனப் பலரும் சூழ்ந்து நிற்கும் அவ்வேளையில், விமானி ஒருவர் விமானத்தைச் சுற்றி நடந்து சக்கரங்களையும் இறக்கைகளையும் இயந்திர முகப்புகளையும் பார்வையிடுவார். முந்தைய பயணத்தில் ஐயத்திற்கிடமான ஒலியோ அதிர்வோ தோன்றியிருப்பின், அது தொழில்நுட்பப் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். வாய்மொழியாகச் சொல்லிச் செல்வது போதாது. எழுதப்பட்ட குறைக்குத் தகுதிபெற்ற பராமரிப்புப் பணியாளர் விடையெழுதிக் கையொப்பமிட்ட பின்னரே விமானம் புறப்படலாம்.

அவ்விடை எப்போதும் பழுதுநீக்கமாக இருப்பதில்லை. எந்தக் கருவி இயங்காவிடினும் பறக்கலாம், எந்த நிபந்தனையோடு பறக்கலாம் என்பதை வரையறுக்கும் ‘குறைந்தபட்சக் கருவிப் பட்டியல்’ ஒன்று ஒவ்வொரு விமான நிறுவனத்திடமும் உண்டு. குறையின் தன்மைக்கேற்ப 3 நாள், 10 நாள், 120 நாள் எனக் காலக்கெடுவும் உண்டு. இதனைப் பொறுப்பின்மை எனக் கருதுதல் தவறு. ஒரே பணிக்கு இரண்டு மூன்று கருவிகளை வைத்திருக்கும் ஊர்தியில், ஒன்று பழுதுற்றதற்காகப் பயணத்தையே நிறுத்த வேண்டியதில்லை. ஆயினும் இப்பட்டியல் ஒரு வினாவுக்கே விடை தருகிறது: இக்கருவியின்றிப் பறக்கலாமா? அக்கருவி ஏன் பழுதுற்றது என்னும் வினா அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இவ்விரு வினாக்களுக்கும் இடையிலான தொலைவை 2008 ஆகஸ்டு 20 அன்று மாட்ரிட் விமான நிலையம் கண்டது. கனேரித் தீவுகளுக்குப் புறப்பட்ட ஸ்பான்ஏர் நிறுவனத்தின் எம்.டி.-82 விமானம், ஓடுபாதை வரை சென்றபின் நிறுத்துமிடத்திற்குத் திரும்பியது. வெளிக்காற்றின் வெப்பநிலையை அளக்கும் உணரி அளவுக்கு மீறிச் சூடேறியிருந்தது. பனி படியாதிருக்க அவ்வுணரியைச் சூடாக்கும் மின்கருவி, வானில் பறக்கும்போது மட்டுமே இயங்க வேண்டியது. அன்று தரையிலேயே இயங்கியது. முந்தைய நாள்களிலும் இக்குறை தலைகாட்டியிருந்தது. பராமரிப்புப் பணியாளர்கள் பட்டியலைப் பார்த்தனர். பனி படியும் வானிலை இல்லாதபோது அச்சூடேற்றி இன்றிப் பறக்கலாம் என்றிருந்தது. அதற்குரிய மின்சுற்று துண்டிக்கப்பட்டது; விமானம் விடுவிக்கப்பட்டது.

தரையில் இயங்கக்கூடாத கருவி தரையில் இயங்கியது ஏன்? தான் வானில் இருப்பதாக விமானத்தின் மின்னமைப்பில் ஒரு பகுதி கருதியிருக்கலாம். தரையா, வானா என்னும் செய்தியைச் சூடேற்றிக்குக் கொண்டுசேர்க்கும் ரிலேயே, மற்றோர் அமைப்பிற்கும் அச்செய்தியைக் கொண்டுசேர்த்தது. இறக்கை மடல்களை விரிக்காமல் விமானம் ஓடத் தொடங்கினால் ஒலியெழுப்பி எச்சரிப்பது அவ்வமைப்பு. அது தரையில் மட்டுமே இயங்கும். வானில் இருப்பதாகச் செய்தி வந்தால் வாளாவிருக்கும். அன்று விமானிகள் மடல்களை விரிக்க மறந்தனர். எச்சரிக்கை ஒலிக்கவில்லை. எழும்பிய சில நொடிகளில் விமானம் வீழ்ந்தது. 172 பேரில் 154 பேர் மாண்டனர். அந்த ரிலேதான் காரணம் என்று புலனாய்வாளர்களால் ஐயத்திற்கிடமின்றி நிறுவ இயலவில்லை. எனினும், சூடேறிய உணரி ஒரு நோய் அன்று, நோயின் அறிகுறியே என்று கருத இடமிருந்தது. 1987இல் டெட்ராய்ட்டில் இதே வகை விமானம் மடல்கள் விரியாமல், எச்சரிக்கையும் ஒலிக்காமல் வீழ்ந்தபோதே, ஒவ்வொரு பயணத்திற்கு முன்பும் அவ்வெச்சரிக்கையைச் சோதிக்குமாறு தயாரிப்பு நிறுவனம் அறிவுறுத்தியிருந்தது.

அறிகுறியைத் தக்கவாறு ஆராய்ந்தும் தீங்கு நேர்வதுண்டு. 2005 ஆகஸ்டு 14 அதிகாலை சைப்ரசின் லார்னகாவில் இறங்கிய ஹீலியோஸ் நிறுவனத்தின் போயிங் 737 விமானத்தில், பின்புறக் கதவருகே விந்தையான ஒலி கேட்டதாகப் பதிவேட்டில் எழுதப்பட்டது. பொறியாளர் காற்றுக்கசிவுச் சோதனையும் செய்தார், கசிவு இல்லை. அச்சோதனைக்காகக் காற்றழுத்தக் கட்டுப்பாட்டின் திருகி ‘தானியங்கு’ நிலையிலிருந்து ‘கைமுறை’ நிலைக்கு மாற்றப்படும். அது மீண்டும் பழைய நிலைக்குத் திருப்பப்படவில்லை என்றது விசாரணை அறிக்கை. காலையில் வந்த விமானிகளும் தம் சரிபார்ப்புகளில் அதனைக் கவனிக்கவில்லை. விமானம் மேலெழ, உள்ளே காற்றழுத்தம் குறைந்து எச்சரிக்கை ஒலித்தது. மடல்கள் விரியாதபோது தரையில் ஒலிப்பதும் அதே ஒலிதான். விமானிகள் அதனை அவ்வாறே பிழைபடப் புரிந்துகொண்டு, உயிர்வளிக் குறைவால் நினைவிழந்தனர். தானியங்கி முறையில் ஏதென்சு வரை பறந்து வட்டமிட்ட விமானம், எரிபொருள் தீர்ந்து குன்றில் மோதியது. 121 பேரும் மாண்டனர். ஒரே ஒலிக்கு இரு பொருள் இருந்த அக்குழப்பத்தை நீக்க, இரு எச்சரிக்கைகளுக்கும் தனித்தனி விளக்குகளைப் பொருத்துமாறு அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் பின்னர் ஆணையிட்டது.