பெயரறியா நோயாளி தந்த உயிரணுக்கள்

முதியவர் சிறுநீர் கழிக்க இடர்ப்பட்டால், மூப்பின் இயல்பென்று வாளாவிருப்பது நம் இல்லங்களில் வழக்கம். பெரும்பாலும் அது புராஸ்டேட் சுரப்பியின் சாதாரண வீக்கமே. சிலருக்கோ அச்சுரப்பியில் புற்றுநோய் தோன்றுகிறது. தொடக்கத்தில் அது யாதொரு அறிகுறியும் காட்டாதிருக்கலாம்.

இந்நோயை ஆராய்வது எளிதாயிருக்கவில்லை. ஆய்வுக்கூடச் சுண்டெலிகளுக்கு இது இயல்பாக வருவதில்லை, நாய்களுக்கு வருவதுண்டு. சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ், ஆண் ஹார்மோன் குறைந்தால் நாயின் புராஸ்டேட் சுருங்குவதைக் கண்டார். ஹார்மோனைக் குறைப்பது நோயாளிகளுக்கும் பயன் தருவதை 1941இல் அறிவித்தார். 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆயினும் மனிதப் புற்றணுக்களையே கண்ணாடிக் கலத்தில் வளர்த்தல் வேண்டும். 1977இல், அமெரிக்காவின் பஃபலோ நகரில், நோய் முற்றிய ஐம்பது வயது மனிதர் ஒருவரின் கழுத்தெலும்பருகே இருந்த நிணநீர் முடிச்சிலிருந்து ஊசியால் சிறிது திசு எடுக்கப்பட்டது. அதில் வளர்ந்த உயிரணு வரிசைக்கு 'எல்.என்.கேப்' என்று பெயர். நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றிய, முடியற்ற சுண்டெலிகளின் உடலிலும் அவை கட்டியாய் வளர்ந்தன. பெண் எலிகளைவிட ஆண் எலிகளில் விரைவாக! ஹார்மோனுக்குப் பணியும் மனிதப் புற்றுநோய் ஆய்வுக்கூடத்திற்குள் வந்துவிட்டது. (கருச்சிதைவினின்று பெற்ற உயிரணுக்களோ என ஐயுறும் அன்பர்களுக்கு: அல்ல, வயதுவந்த நோயாளியுடையவை.)

1990இல் ஒரு வியப்பு. இவ்வுயிரணுக்களில் ஹார்மோனை ஏற்கும் புரதத்தில் நுண்ணியதொரு மாற்றம் இருந்தது. அதனால், ஹார்மோனைத் தடுக்க வேண்டிய புளூட்டமைட் மருந்தே புற்றை வளரத் தூண்டியது! பூட்டவேண்டிய சாவி கதவைத் திறந்துவிட்டது. 1993இல், அம்மருந்தை நிறுத்தியதும் சில நோயாளிகள் நலமடைந்ததை மருத்துவர்கள் எழுதினர். இவர்கள் எல்லாரிடமும் காரணம் அதுவே என்று சொல்லிவிட முடியாது. எனினும் மருந்தே பகையாகக்கூடும் என்பது தெளிவாயிற்று. அத்தகைய தூண்டுதல் அற்ற மருந்தைத் தேடி, ஹார்மோன் ஏற்பி மிகுதியாக்கப்பட்ட இதே உயிரணுக்களில் சோதித்து எட்டியதுதான் என்சலூட்டமைட். 2012இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது.

எலிகள் துன்புறுகின்றனவே என்பார் உண்டு. மனித உயிரைக் காக்க உதவும் விலங்குச் சோதனையை நியாயமான வரம்புக்குள் திருச்சபையின் மறைக்கல்வி ஏற்கிறது. வீணாக அவற்றை வதைப்பதை மனித மாண்புக்கு இழுக்கென்கிறது. ஆய்வாளர் இரண்டையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஒருவருடைய புற்று எல்லாருடைய புற்றும் ஆகாது. எலும்பிலும் மூளையிலும் பரவிய கட்டிகளிலிருந்து பெறப்பட்ட வேறிரு வரிசைகள் ஹார்மோனுக்குப் பணிவதேயில்லை. ஆதலால் 2014இல் நியூயார்க் ஆய்வாளர்கள் நோயாளிகளின் திசுவிலிருந்து முப்பரிமாணச் சிறு திரள்களை வளர்த்தனர். அவற்றுள் ஒன்று, இரத்தத்தில் மிதந்த புற்றணுக்களிலிருந்தே வளர்ந்தது. பஃபலோ மனிதரின் பெயரை நாம் அறியோம். அவருடைய உயிரணுக்களோ இன்றும் பல நாட்டு ஆய்வுக்கூடங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன.