ஜாக்லருக்குள் ஒளிந்திருந்த கணினி

எந்தக் கருவி கையில் கிடைத்தாலும் “இதுக்குள்ள என்ன இருக்கு?” என்று கேட்கிறீர்களே, அதற்காகவே உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அப்படிக் கேட்ட சிலர் கண்டுபிடித்த சங்கதிதான் இன்றைக்கு.

2009ஆம் ஆண்டு பிரிட்டனில் ஓ2 என்ற கைப்பேசி நிறுவனம் ஒரு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் ஜாக்லர். 7 அங்குலத் தொடுதிரை. சமையலறை மேடையில் நிமிர்ந்து நிற்கும். விரலால் தொட்டால் வீட்டு நாட்காட்டி விரியும். அண்ணனுக்கு நீச்சல் வகுப்பு எப்போது, அம்மா பல் மருத்துவரிடம் போவது என்றைக்கு, எல்லாவற்றையும் அதில் குறித்துவைக்கலாம். மறக்காமலிருக்கக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பும்.

முதலில் ஏறத்தாழ 150 பவுண்டு விலை. 2010இல் சலுகை விலையில் 50 பவுண்டுக்கே கிடைத்தது. அப்போதுதான் துருவித் துருவிப் பார்க்கும் ஆர்வலர்கள் பலர் அதை வாங்கினார்கள்.

உள்ளே என்ன இருந்தது தெரியுமா? இன்டெல் நிறுவனத்தின் ஆட்டம் செயலி! அந்தக் காலத்துக் குட்டி மடிக்கணினிகளில் இருந்த அதே குடும்பத்துச் செயலி. 512 மெகாபைட் நினைவகம். 1 ஜிகாபைட் சேமிப்பிடம். வைஃபை உண்டு, பென்டிரைவ் செருக யூஎஸ்பி துளையும் உண்டு. நாட்காட்டி என்று வாங்கி வந்தது முழுக் கணினி!

அப்படியானால் அது ஏன் கணினியைப் போல நடந்துகொள்ளவில்லை? நல்ல கேள்வி. இங்கே கொஞ்சம் நிதானமாக வாருங்கள்.

செயலி, திரை, நினைவகம் இவையெல்லாம் வன்பொருள். தாமாக எதுவும் செய்யத் தெரியாது. எதை, எப்போது, எப்படிச் செய்வது என்று அவற்றை ஏவி வேலை வாங்கும் மென்பொருளுக்குத்தான் இயங்குதளம் என்று பெயர். கைப்பேசியில் ஆண்ட்ராய்டு, கணினியில் விண்டோஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அவைதான். ஜாக்லருக்குள்ளும் லினக்ஸ் என்ற குடும்பத்தின் வழிவந்த ஓர் இயங்குதளம் இருந்தது. ஆனால் நிறுவனம் தேர்ந்தெடுத்த சில வேலைகளை மட்டும்தான் அது திரையில் காட்டும்.

“அப்போ வேற இயங்குதளத்தைப் போட்டா?” சபாஷ்! உங்களில் சிலர் இந்நேரம் இதைக் கேட்டிருப்பீர்கள்.

உங்கள் பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் முதலில் வருவது யார்? தலைமையாசிரியரா? இல்லை, வாட்ச்மேன் தாத்தா. அவர் வந்து கேட்டைத் திறந்துவைப்பார். பிறகுதான் தலைமையாசிரியர் வந்து பள்ளியை நடத்துவார். கருவிக்குள்ளும் அப்படி ஒரு தாத்தா உண்டு. அவர் பெயர் ஃபர்ம்வேர். மின்சாரம் வந்ததும் முதலில் கண்விழிப்பவர் அவர்தான். இயங்குதளம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து, பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்.

ஜாக்லரின் தாத்தாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. யூஎஸ்பி துளையில் பென்டிரைவ் செருகியிருந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார். அதில் ‘பூட்.என்எஸ்எச்’ என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று தேடுவார். அது சாதாரண எழுத்துக் கோப்புதான், நோட்பேடில் திறந்து படிக்கலாம். எந்த இயங்குதளத்தைத் தொடங்க வேண்டும் என்று அதில் சில வரிகளில் கட்டளை எழுதியிருக்கும். கோப்பு கிடைத்துவிட்டால், அன்றைக்குப் புதுத் தலைமையாசிரியர்தான்!

பழையவர் என்ன ஆனார்? அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் இருப்பது கருவியின் சொந்தச் சேமிப்பிடத்தில். பென்டிரைவை எடுத்துவிட்டு மறுபடி மின்சாரம் கொடுத்தால் அதே நாட்காட்டி வந்து நிற்கும். எதையும் அழிக்காமல் இவ்வளவு பெரிய சோதனையைச் செய்ய முடிகிறதே, எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமே இதுதான். புரிகிறதல்லவா? புரியாவிட்டால் மேலே போய் இன்னொரு முறை படித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

பென்டிரைவில் ஆர்வலர்கள் வைத்தது உபுண்டு என்ற இயங்குதளம். அதுவும் லினக்ஸ் குடும்பம்தான். 1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் தொடங்கியது லினக்ஸ். அதன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். மேசைக் கணினிகளின் செயலிக்குப் புரியும் அதே கட்டளைகள் ஆட்டம் செயலிக்கும் புரியும் என்பதால் வேலை பாதி முடிந்த மாதிரி.

மீதிப் பாதிதான் பாடுபடுத்தியது. ஜாக்லர் திரையில் அகலவாக்கில் 800 புள்ளிகள், உயரவாக்கில் 480. நீங்கள் விரல் வைத்ததும், எந்த இடத்தில் வைத்தீர்கள் என்பதைத் தொடுதிரை எண்களாக அனுப்பும். அந்த எண்களைப் படித்து இயங்குதளத்துக்குச் சொல்ல ‘டிரைவர்’ என்ற சின்ன நிரல் வேண்டும். அது இல்லையென்றால் திரை பளிச்சென்று எரியும், தொட்டால் அசையாது. டிரைவர் இருந்தும் அளவு சரிசெய்யவில்லையென்றால் இன்னும் வேடிக்கை. நீங்கள் ஒரு படத்தைத் தொடுவீர்கள், பக்கத்துப் படம் திறக்கும்! ஆர்வலர்கள் பொறுமையாக உட்கார்ந்து இதையெல்லாம் சரிசெய்தார்கள்.

ஒன்று மட்டும் கடைசிவரை தகராறு செய்தது. படம் காட்டும் சில்லு, ஜிஎம்ஏ 500. அதன் வடிவமைப்பு இன்டெலுடையது அல்ல, வேறொரு நிறுவனத்திடம் உரிமம் பெற்றது. அதனால் அது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்ற விவரம் வெளியே வரவில்லை. விவரம் தெரியாமல் நல்ல டிரைவரை எப்படி எழுதுவது? வீடியோ தடுமாறியது. திறமையானவர்கள் இருந்தும், தகவலை மூடிவைத்ததால் தடைப்பட்ட வேலை இது. எனக்கு இன்றும் இதில் வருத்தம் உண்டு.

பாட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஸ்குவீஸ்பிளே என்ற மென்பொருளைப் போட்டு, ஜாக்லரை இணைய வானொலியாக்கினார்கள். சிலர் அதைப் புகைப்படச் சட்டகமாக வைத்துக்கொண்டார்கள்.

“எங்க வீட்டுப் பழைய டேப்லெட்டிலும் செய்யலாமா?” என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? அது அந்த டேப்லெட்டின் வாட்ச்மேன் தாத்தாவைப் பொறுத்தது. பல புதிய கருவிகளில் அவர் ரொம்பக் கண்டிப்பானவர். தயாரித்த நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத இயங்குதளத்தை வாசலிலேயே நிறுத்திவிடுவார். தீங்கு செய்யும் மென்பொருள் நுழையாமல் காக்கும் நல்ல ஏற்பாடுதான் அது. ஆனால் நிறுவனமே கருவியைக் கைவிட்ட பிறகும் அந்தப் பூட்டு திறக்காமலே கிடப்பது சரியில்லை என்பது என் கருத்து.

சில கருவிகளில் அந்தப் பூட்டைத் திறக்க நிறுவனமே வழி வைத்திருக்கும். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் மாடல் எண் இருக்கும், அதைக் குறித்துக்கொண்டு கணினி ஆசிரியரிடம் கேளுங்கள். ஜாக்லரைப் போல எல்லாக் கருவியும் பென்டிரைவிலிருந்து இயங்காது. பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதை ஏற்ற வேண்டும் என்றால், பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, உள்ளே இருக்கும் படங்களையும் கோப்புகளையும் முதலில் வேறிடத்தில் நகலெடுத்துவிடுங்கள். பாதியில் சார்ஜ் தீர்ந்து அணைந்துபோனால் கருவி மறுபடி எழாமலே போகலாம். அதனால் சார்ஜ் நிறைய இருக்கும்போது மட்டும் தொடங்குங்கள்.