டபுள் கிளிக்கில் சோதனைக் கம்ப்யூட்டர்

நான் எழுதிய புரோகிராம் என் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடியது. வாடிக்கையாளரிடம் நிறுவியபோது திறக்கவே இல்லை. தேவையான டிஎல்எல் ஃபைல் ஒன்று என்னிடம் வேறொரு சாஃப்ட்வேருடன் எப்போதோ வந்திருந்தது. அவரிடம் அது இல்லை!

எனவே எந்த சாஃப்ட்வேரையும் புத்தம் புதிய விண்டோசில் சோதிக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு முறையும் ஃபார்மட் செய்ய முடியுமா? 2019-இல் விண்டோஸ் 10-இல் வந்த ‘விண்டோஸ் சேண்ட்பாக்ஸ்’ இதற்கு உதவுகிறது. உங்கள் விண்டோசுக்குள்ளேயே இன்னொரு புதிய விண்டோஸ் திறக்கும். மூடினால் உள்ளே நிறுவியவை எல்லாம் அழிந்துவிடும்.

‘டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்’ பகுதியில் இதை டிக் செய்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். புரோ பதிப்பில் உண்டு; ஹோம் பதிப்பில் கிடையாது. குறைந்தது 4 ஜிபி ராம் தேவை. பயாசில் விர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகியிருக்க வேண்டும்.

தினமும் சோதிப்பவர்கள் நோட்பேடில் சில வரிகள் எழுதி, டபிள்யூஎஸ்பி என்ற எக்ஸ்டென்ஷனுடன் சேமிக்கலாம். எந்த ஃபோல்டர் உள்ளே தெரிய வேண்டும், இன்டர்நெட் வேண்டுமா, திறந்ததும் எந்த சாஃப்ட்வேர் நிறுவப்பட வேண்டும் என்பதையெல்லாம் அதிலேயே சொல்லிவிடலாம். பிறகு அந்த ஃபைலை டபுள் கிளிக் செய்தால் போதும்.

அந்த டிஎல்எல் ஃபைலை இப்போது என் செட்டப்பிலேயே சேர்த்துவிட்டேன். சேண்ட்பாக்சில் ஓடிய பிறகே வாடிக்கையாளருக்கு அனுப்புகிறேன்.