பாதி மிதி, முழு மிதி

பழைய மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டரில் ரோட்டவேட்டர் மாட்டி உழப் போகிறவர், தன் வண்டியில் இருப்பது சிங்கிள் கிளட்சா, டபுள் கிளட்சா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கைமாறி வந்த வண்டியென்றால் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பின்னால் எதுவும் மாட்டாமல், கியரை நியூட்ரலில் வைத்து, பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. ஷாஃப்டைச் சுற்றவிட்டு, சீட்டில் இருந்தபடியே கிளட்சை மெல்ல மிதியுங்கள். கொஞ்சம் இறங்கியதுமே ஷாஃப்ட் ஓய்ந்தால் சிங்கிள். பாதி வரை சுற்றிக்கொண்டிருந்து, அங்கே காலுக்கு இன்னொரு இறுக்கம் தட்டுப்பட்டு, அதையும் தாண்டி அழுத்தியபின் ஓய்ந்தால் டபுள். அந்த இரண்டாவது இறுக்கம் எங்கே வருகிறது என்பது காலுக்குப் பழகிவிட வேண்டும்.

எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் ரோட்டவேட்டரை மாட்ட வேண்டும். 6 பல் ஷாஃப்டில் ஜாயிண்டை ஏற்றி, பூட்டும் பின் பள்ளத்தில் விழுந்ததா என்று இழுத்துப் பாருங்கள். ஜாயிண்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி எறிவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஷாஃப்டுக்கு நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு 9. வேட்டி நுனியோ துண்டோ சிக்கினால் கையை உதறக்கூட நேரம் இருக்காது.

இனி லிவர். எஞ்சின் மெதுவாக ஓடட்டும். கிளட்சை முழுக்க மிதித்து, உள்ளே சுற்றுவது நிற்கும்வரை சில நொடி பொறுத்து, பிறகு பி.டி.ஓ. லிவரைப் போடுங்கள். கரகரவென்று பல் உரசினால் அழுத்தித் தள்ள வேண்டாம். மிதியைக் கொஞ்சம் விட்டு மறுபடி மிதித்தால் பல் இடம் மாறி உட்கார்ந்துவிடும். சக்கர வேகத்துக்கு ஏற்பச் சுற்றும் நிலையும் அந்த லிவரில் உண்டு. அது ரோட்டவேட்டருக்கு ஆகாது. ரிவர்ஸ் எடுத்தால் ஷாஃப்டும் தலைகீழாகச் சுற்றும்.

மிதியை மெல்ல விட்டுக் கத்தி சுற்றத் தொடங்கியதும் ரோட்டவேட்டரைத் தரைக்குச் சற்று மேலே வரை இறக்குங்கள். மீட்டரில் 540-க்கான குறி வரை ஆக்சிலேட்டரைக் கூட்டி, பாதி மிதியில் லோ கியர் போட்டு, வண்டி நகர நகர மண்ணில் இறக்க வேண்டும். நின்ற இடத்திலேயே கெட்டித் தரையில் இறக்கினால் ரோட்டவேட்டர் வண்டியை முன்னே உந்தித் தள்ளும்.

டபுள் கிளட்சின் அருமை வரப்போரத்தில் தெரியும். பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும். கத்தி சுற்றும், லிஃப்டும் தூக்கும். முழுக்க மிதித்தால் ஹைட்ராலிக் பம்ப்பும் நின்றுபோகும், லிஃப்ட் அசையாது. சிங்கிளில் எப்படி மிதித்தாலும் எல்லாம் நிற்கும். அதனால் வண்டி ஓடும்போதே தூக்கிவிட வேண்டும். அதில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. மண்ணைவிட்டு மேலே வந்து வேகமாகச் சுற்றும் கருவி, கிளட்ச் மிதித்த பிறகும் தன் வேகத்தால் கியர் வழியாக வண்டியைத் தள்ளும். புல்வெட்டும் ரோட்டரி கருவியில் இது இன்னும் அதிகம். வரப்பு நெருங்கும் முன்பே ஆக்சிலேட்டரைக் குறைப்பதும், ஒரு பக்கம் மட்டும் சுற்றும் கப்ளிங் போடுவதும் இதற்கு வழி.

கத்தியில் கொடியோ சாக்கோ சுற்றிக்கொண்டால், லிவரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, ஷாஃப்ட் முழுதாக ஓய்ந்ததைப் பார்த்த பிறகே இறங்குங்கள்.

உழும்போது மிதிமேல் காலை வைத்தே இருந்தால் ரிலீஸ் பேரிங் சீக்கிரம் போய்விடும். முழுக்க மிதித்துப் பொறுத்தும் லிவர் போடும்போது தினமும் உரசுகிறதென்றால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். டபுள் கிளட்சில் வண்டி கிளட்சுக்கும் பி.டி.ஓ. கிளட்சுக்கும் தனித்தனி அட்ஜஸ்ட்மென்ட் உண்டு; மிதியின் ப்ளேயை மட்டும் சரிசெய்து அனுப்பினால் பி.டி.ஓ. பக்கத்து உரசல் அப்படியேதான் இருக்கும்.