கரையேறாத காசு

சேலம் கலெக்டராக 1820 முதல் 1829 வரை இருந்த எம்.டி. காக்பர்ன், சேர்வராயன் மலையில் காப்பிச் செடியை ஊன்ற வைத்தார். அப்போது மதராஸ் மாகாணத்தில் புழங்கிய செம்புச் சில்லறையில் ஒரு பகுதி இங்கிலாந்தில் அடிக்கப்பட்டது. பர்மிங்காம் பக்கம் மேத்யூ போல்டன் 1788-இல் தொடங்கிய சோஹோ நாணயச் சாலையில் அடித்து, கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றி அனுப்பிய காசுகள் அவை. அவற்றில் ஒன்றை எடுத்தால், ஒரு பக்கம் இரண்டு சிங்கங்கள் தாங்கும் கம்பெனிச் சின்னமும் 1803 என்ற ஆண்டும். மறுபக்கம் பாரசீக எழுத்தும் இருபது காசு என்ற மதிப்பும் இருக்கும்.

அதே சாலை அதற்கு முன்பே பிரிட்டிஷ் வியாபாரிகளுக்கு டோக்கன் அடித்துப் பழகியிருந்தது. அரசாங்கம் போதுமான செம்புக் காசு அடிக்காததால், ஆங்கிள்சி தீவின் பேரிஸ் சுரங்கக் கம்பெனி 1787-இல் தன் பெயரிலேயே பென்னி வெளியிட்டது. கடைக்காரர்களும் ஆலைக்காரர்களும் பின்தொடர்ந்தார்கள். 1817-இல் சட்டம் போட்டுத்தான் டோக்கன்களை ஒழிக்க முடிந்தது. ஒழிந்த பழக்கம் தோட்டக் காடுகளில் மறுபடி தலையெடுத்தது. இலங்கையில் காப்பி செழித்த நாளில் கொழும்பு காப்பி ஆலைகள் கூலியாட்களுக்கு டோக்கன் கொடுத்தன. ஜார்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனியின் வேகந்த ஆலை டோக்கன் இன்று பெரிய ஏலங்களில் வருகிறது. சேர்வராயன் மலையில் ஏற்காட்டு எஸ்டேட்காரரோ இப்போது கூலியை வங்கிக் கணக்கில் போடுகிறார். கையில் வைத்துப் பார்க்க எதுவும் மிஞ்சாது.

மிஞ்சிய காசை மதிப்பிடும் முறையும் மாறிவிட்டது. அன்று பாத்திரக்கடைப் பழஞ்செம்பில் பொறுக்கிய காசை ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்ப்பார்கள். சிங்கத்தின் பிடரியும் கேடயத்தின் கோடும்தான் முதலில் தேயும் மேடுகள். பிடரி மயிர் தனித்தனியாகத் தெரிந்தால் 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்'. மொத்தையாகிவிட்டாலும் உருவம் தெளிவாக இருந்தால் 'ஃபைன்'. விற்பவர் ஒரு படி ஏற்றிச் சொல்வார், வாங்குபவர் ஒரு படி இறக்குவார், இடையில் எங்கோ விலை படியும். பிரிட்டிஷ் டோக்கன் என்றால் டால்டனும் ஹேமரும் 1910 முதல் 1918 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட பட்டியலில் எண்ணைத் தேடவேண்டும். அந்தப் புத்தகம் எல்லார் கைக்கும் எட்டியதில்லை.

இன்று பட்டியல் கைப்பேசியிலேயே இருக்கிறது. அமெரிக்கர் வில்லியம் ஷெல்டன் 1949-இல் தம் நாட்டு செம்பு சென்ட்டுகளுக்காக வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோல், 1980-களில் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற தரமிடும் நிறுவனங்கள் வந்தபின் உலக வழக்காயிற்று. காசை பிளாஸ்டிக் உறைக்குள் முத்திரையிட்டு, மேலே ஒரு எண் எழுதித் தருகிறார்கள். நேரில் பாராமல் வாங்குபவருக்கு இது பெரிய பாதுகாப்பு. இதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் காசைத் தொட்டு ஓரத்தைத் தடவிப் பார்க்க வழியில்லை. வார்ப்புப் போலியைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் ஓரத்து மூட்டுக்கோடுதான். எண்ணை நம்பினால் போதும் என்று பழகிய கண், உறையில்லாத காசைக் கண்டால் தடுமாறுகிறது. 'கிழக்கிந்தியக் கம்பெனி, 1818' என்று பொறித்து ராமர் பட்டாபிஷேகம் காட்டும் 'அணா'க்களைக் கம்பெனி வெளியிட்டதே இல்லை. ஆனாலும் அவை பழங்காசு என்ற பெயரில் நன்றாகவே விலை போகின்றன.

எண் எதை மதிக்கிறது என்பதற்கு ஒரு கப்பல் சாட்சி. 1808-இல் சோஹோவில் அடித்த மதராஸ் காசுகளை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கெண்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் முத்துக்குளிப்பவர்கள்போல் மூழ்கிச் சென்று அள்ளினார்கள். பீப்பாயோடு இறுகிக் கிடந்தவற்றில் பல இன்னும் கூர்மையாக இருக்கின்றன. உப்பு அரித்தவையும் உண்டு. இன்று நல்ல நிலையில் ஒரு பத்து காசு வேண்டுமென்றால் பெரும்பாலும் கிடைப்பது, மதராஸ் கரையையே பாராத இந்தக் காசுதான். இங்கே வந்திறங்கிச் சந்தைக்குச் சந்தை கைமாறி, முடிச்சில் கிடந்து தேய்ந்தது பட்டியலில் கடைசி வரிசையில் நிற்கிறது. சேகரிப்புக் கணக்கில் இது நியாயமே. எனக்கென்னவோ தேய்ந்ததன்மேல்தான் பிரியம்.

ஏற்காட்டிலோ அடிவாரத்திலோ வீட்டுப் பரணில் இப்படி ஒன்று அகப்பட்டால், தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்குப் புளி சரி. காசின் பழுப்புப் படலம் போய்விட்டால் திரும்ப வராது, செயற்கையாகப் பளபளக்கும் செம்பைத் தேர்ந்தவர் உடனே ஒதுக்கிவிடுவார். பச்சைக் களிம்பு இருந்தால் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பி.வி.சி. உறையில் போடாமல் காகித உறையில் வையுங்கள். எந்த ஊரில், யார் வீட்டில் கிடைத்தது என்று அந்த உறையின்மேலேயே எழுதிவிடுங்கள். எந்த நிறுவனமும் அதை உங்களுக்காக எழுதித் தராது.