கோ-கார்ட் கிளட்சும் பெல்ட் செலுத்தமும்

கோ-கார்ட் பெல்ட் செலுத்தம் என்பது கோ-கார்ட் எனப்படும் சிறு பந்தய வண்டியில் எஞ்சினின் விசையைப் பின் அச்சுக்குக் கடத்தும் அமைப்புகளுள் ஒன்றாகும். இதில் ஆப்பு வடிவக் குறுக்குவெட்டு கொண்ட ரப்பர் பெல்ட் ஒன்று, இடைவெளி மாறக்கூடிய இரண்டு கப்பிகளுக்கு இடையே ஓடுகிறது. ஓட்டுநர் கியர் மாற்றாமலேயே வேக விகிதம் தானாக மாறுகிறது. கியரற்ற ஸ்கூட்டர்களின் செலுத்தமும் இதே தத்துவத்தில் அமைந்ததாகும்.

எஞ்சின் உறுமியும் வண்டி நகராமை, பெல்ட் கருகுதல், புறப்படும்போது வண்டி அதிர்தல் ஆகியன இவ்வமைப்பில் அடிக்கடி நேரும் பழுதுகள். பழுதின் அடையாளம் பெரும்பாலும் பெல்ட்டில் தெரியும். ஆனால் அதன் காரணம் வேறொரு பாகத்தில் இருப்பதுண்டு. அவ்வாறான நிலையில் பெல்ட்டை மட்டும் மாற்றினால் புதிய பெல்ட்டும் விரைவில் கெட்டுவிடும்.

வரலாறு

1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர், புல்வெட்டும் கருவியின் எஞ்சினைக் கொண்டு உருவாக்கிய வண்டியே முதல் கோ-கார்ட்டாகக் கருதப்படுகிறது. பெல்ட்டால் இயங்கும் தொடர்மாறு செலுத்தத்தை மகிழுந்தில் பரவலாக்கியது நெதர்லாந்தின் டாஃப் நிறுவனமாகும். அந்நிறுவனம் 1958இல் அறிமுகப்படுத்திய டாஃப் 600 மகிழுந்தில் ‘வேரியோமேட்டிக்’ என்ற பெயரில் இவ்வமைப்பு இடம்பெற்றது.

இந்தியாவில் 1984இல் வெளிவந்த கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டர் இம்முறையை மக்களுக்கு அறிமுகப்படுத்தியது. 2001இல் விற்பனைக்கு வந்த ஹோண்டா ஆக்டிவா அதனை மேலும் பரவலாக்கியது. ஓசூரில் இருந்து 1980இல் வெளிவந்த டி.வி.எஸ். 50 மொபெட்டில் மையவிலக்கு கிளட்ச் பயன்பட்டது.

தமிழ்நாட்டில் கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் கார்ட் பந்தயங்களும், பொறியியல் மாணவர்கள் வடிவமைத்த கார்ட்டுகளுக்கான போட்டிகளும் நடந்துள்ளன.

அமைப்பு

எளிய கார்ட்டுகளில் இருவகைச் செலுத்தங்கள் காணப்படுகின்றன.

முதல் வகையில் எஞ்சின் தண்டின் மீது மையவிலக்கு கிளட்ச் பொருத்தப்பட்டு, அதிலிருந்து சங்கிலி நேராகப் பின் அச்சுக்குச் செல்கிறது. தண்டு சுழலும்போது கிளட்சின் கட்டைகள் வெளிநோக்கி விரிந்து, சூழ்ந்துள்ள உருளையின் உட்புறத்தைப் பற்றுகின்றன. கட்டைகளை வெளியே தள்ளும் விசை சுழல்வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வேகம் இருமடங்கானால் அவ்விசை நான்கு மடங்காகும். எனவே குறைந்த வேகத்தில் பிடிப்பு மிகவும் தளர்வானது. அந்நிலையில் நெடுநேரம் ஓட்டினால் கட்டைகள் வழுக்கிச் சூடேறும்.

இரண்டாம் வகையில் எஞ்சின் தண்டில் செலுத்து கப்பியும், இடைத்தண்டில் செலுத்தப்படும் கப்பியும் உள்ளன. இடைத்தண்டிலிருந்து சங்கிலி பின் அச்சுக்குச் செல்கிறது. ஒவ்வொரு கப்பியிலும் ஒரு தட்டு நிலையானது, மற்றொன்று தண்டின் மீது நகரக்கூடியது.

ஸ்கூட்டருக்கும் கார்ட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிவது பழுதறிய மிகவும் உதவும். ஸ்கூட்டரில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் பெல்ட்டும் ஓடும். மையவிலக்கு கிளட்ச் பின் கப்பியுடன் தனியே அமைந்திருக்கும். இவ்வகைக் கார்ட்டில் தனிக் கிளட்ச் கிடையாது. செலுத்து கப்பியே கிளட்சாகவும் செயற்படுகிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதன் தட்டுகள் விலகியிருப்பதால் பெல்ட் நடுவிலுள்ள புஷ்ஷின் மீது தளர்வாக நிற்கும்.

இயங்கும் முறை

ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் செலுத்து கப்பியிலுள்ள எடைகள் வெளிநோக்கி நகர்ந்து தட்டுகளை நெருக்குகின்றன. சிறு எஞ்சின்களுக்கான வழக்கமான அமைப்புகளில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,000 சுற்றுகளில் பெல்ட் பற்றப்படுகிறது. தொடக்கத்தில் பெல்ட் முன் கப்பியின் அடியிலும் பின் கப்பியின் விளிம்பிலும் இருக்கும். ஆகவே வேகம் குறைவாகவும் முறுக்குவிசை மிகுதியாகவும் கிடைக்கும். எஞ்சின் வேகம் கூடக்கூட முன் கப்பியில் பெல்ட் மேலேறும். அதே அளவுக்குப் பின் கப்பியின் தட்டுகள் சுருள்வில்லை எதிர்த்து விரிந்து பெல்ட்டை உள்ளே விடும். சிறு கார்ட் செலுத்தங்களில் இவ்விகிதம் தொடக்கத்தில் ஏறத்தாழ 2.7:1 ஆகவும் முடிவில் 0.9:1 ஆகவும் இருக்கும்.

பின் கப்பியில் சாய்வான காடி ஒன்று உண்டு. சுமை கூடும்போது நகரும் தட்டு இக்காடி வழியே திரும்பிப் பெல்ட்டை மேலும் இறுக்குகிறது. விகிதமும் தானாக இறங்குகிறது. திண்டுக்கல் சமவெளியில் கன்னிவாடி வரை சீராக ஓடும் ஸ்கூட்டர், அதனையடுத்த பன்றிமலை ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரைக் கூட்டாமலேயே எஞ்சின் ஒலியை மாற்றுவது இதனாலேயே. தேய்ந்த பெல்ட் சமதரையில் தன் குறையைக் காட்டாது. ஏற்றத்தில்தான் அது வழுக்கத் தொடங்கும்.

பழுதுகளும் காரணங்களும்

நிறுத்தத்தில் வண்டி ஊர்தல்: பிரேக்கை விட்டவுடன் வண்டி தானாக நகர்ந்தால், முதலில் எஞ்சினின் ஐட்லிங் வேகத்தைச் சோதிக்க வேண்டும். அது பெல்ட்டைப் பற்றும் வேகத்தை நெருங்கியிருக்கலாம். ஐட்லிங் சரியாக இருந்தும் வண்டி ஊர்ந்தால், முன் கப்பியின் புஷ் இறுகியிருக்கலாம், அல்லது அளவு குறைந்த பெல்ட் பொருத்தப்பட்டிருக்கலாம்.

எஞ்சின் உறுமியும் வண்டி நகராமை: பெல்ட்டின் அகலம் தேய்ந்து குறைந்தால், தட்டுகள் அதனைப் பற்றுவதற்கு மேலும் அதிகமாக நெருங்க வேண்டியிருக்கும். எண்ணெய்ப் பசை, நகரும் தட்டு தூசியால் சிக்கிக்கொள்ளுதல், பின் கப்பியின் சுருள்வில் தளர்தல் ஆகியனவும் இதற்குக் காரணங்கள். மையவிலக்கு கிளட்ச் உள்ள வண்டிகளில் கட்டைகளின் தேய்மானத்தையும் பார்க்க வேண்டும்.

உச்ச வேகம் குறைதல்: தேய்ந்த பெல்ட் முன் கப்பியின் விளிம்பு வரை ஏற இயலாது. பின் கப்பி விரியாமல் சிக்கியிருந்தாலும் இதே விளைவு ஏற்படும்.

புறப்படும்போது அதிர்தல்: கிளட்ச் கட்டைகள் கண்ணாடி போல் பளபளப்பாதல், உருளை வட்டம் தவறுதல், கப்பித் தட்டில் துரு ஆகியன இதற்குக் காரணமாகும். பளபளப்பு மேலோட்டமாக இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யலாம்.

அடிக்கடி பெல்ட் கருகுதல்: பெல்ட் மாற்றிய சில நாட்களிலேயே இது மீண்டும் நேர்ந்தால், பின் அச்சின் பற்சக்கரத்தைக் கவனிக்க வேண்டும். மிகுந்த வேகத்தை விரும்பிச் சிறிய பற்சக்கரம் பொருத்தினால், சுமை முழுவதும் பெல்ட்டின் மீது விழும். பற்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதே இதற்குத் தீர்வாகும்.

பெல்ட் காட்டும் அடையாளங்கள்

கழற்றிய பெல்ட்டை எறிவதற்கு முன் உற்று நோக்கினால் பழுதின் காரணம் பெரும்பாலும் புலப்படும்.

* ஓரிடத்தில் மட்டும் குழிந்து தேய்வு: வண்டி நகராத நிலையில் முன் கப்பி பெல்ட்டின் மீது சுழன்றுள்ளது. பிரேக் பிடித்துள்ளபோது ஆக்சிலரேட்டரை மிதிப்பதால் இது நேரும்.
* இரு பக்கங்களிலும் சீரான பளபளப்பு: தொடர்ந்து வழுக்கியுள்ளது.
* ஒரு பக்கம் மட்டும் நூல் பிரிதல்: கப்பிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. எஞ்சின் போல்ட்டுகள் தளர்ந்திருக்கலாம்.
* குறுக்கே வெடிப்புகள்: வெப்பத்தாலும் வயதாலும் ரப்பர் இறுகியுள்ளது.

சில கார்ட் பெல்ட்டுகளின் இரு பக்கங்களும் ஒரே சாய்வில் இரா. அவற்றில் ஏறக்குறைய நிமிர்ந்த பக்கம் எஞ்சினை நோக்கி இருக்குமாறு பொருத்த வேண்டும். மாற்றிப் பொருத்தினால் புதிய பெல்ட்டும் வழுக்கும்.

சோதிக்கும் வரிசை

விசை செல்லும் பாதையிலேயே சோதனையும் செல்வது நன்று. முதலில் ஐட்லிங் வேகம், அடுத்து முன் கப்பி, பெல்ட், பின் கப்பி, சங்கிலி, பின் அச்சு என்ற வரிசையில் பார்க்கலாம். இதற்கு முன், எஞ்சினை நிறுத்திப் பின் சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்திக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். பிரேக் முழுமையாக விடுபடாமலோ அச்சின் பேரிங் இறுகியோ இருந்தால் சக்கரம் எளிதில் சுழலாது. அந்நிலையில் குறை பெல்ட்டில் இல்லை.

கப்பித் தட்டுகளின் பெல்ட் படும் பரப்பில் எண்ணெயோ கிரீசோ படக்கூடாது. நகரும் தட்டின் புஷ்ஷுக்குத் தயாரிப்பாளர் கூறும் உலர் மசகுப்பொருளையே இடவேண்டும். மிகுதியாக இட்ட கிரீசு சுழற்சியால் சிதறிப் பெல்ட்டை அடையும்.

பாதுகாப்பு

உறையைத் திறக்கும் முன் எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கின் ஒயரைக் கழற்ற வேண்டும். ஓடும் பெல்ட்டை நோக்கிக் கையையோ கருவியையோ நீட்டலாகாது. சோதனை முடிந்ததும் பெல்ட், சங்கிலி உறைகளை மீண்டும் பொருத்தாமல் வண்டியை ஓட்டக்கூடாது.

இந்தியாவில் பொழுதுபோக்குக் கார்ட்டுகளில் உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. 2018 பிப்ரவரியில் அரியானாவின் பிஞ்சோரிலும், 2020 அக்டோபரில் ஐதராபாத் அருகிலும், கார்ட்டின் சுழலும் பாகங்களில் கூந்தல் சிக்கியதால் இரு பெண்கள் இறந்தனர். கூந்தலைக் கட்டித் தலைக்கவசத்திற்குள் அடக்குதல், துப்பட்டா, சால்வை போன்ற தொங்கும் துணிகளைத் தவிர்த்தல், சுழலும் பாகங்கள் அனைத்திற்கும் உறையிடுதல் ஆகியன கார்ட் ஓட்டுவதற்கு இன்றியமையாத முன்னேற்பாடுகளாகும்.

இவற்றையும் பார்க்க

* மையவிலக்கு விசை
* உராய்வு
* முறுக்குவிசை
* கப்பி